அதிகாரிகளுக்கான ஜெபம்

நாயுடுபுரம் டீக்கடையில் இன்று ஈர விறகின் புகை மூக்கில் ஏறியதும், காட்டோரத்தில் இருந்த எங்கள் தகரக்கூரை வீடுகளும், ஞாயிறுதோறும் அப்பா ஜெபம் நடத்திய கூடமும், கூரையில் பனி சொட்டும் ஓசைக்கு மேல் எழும்பும் அவர் குரலும் நினைவுக்கு வந்துவிட்டன. அதிகாரத்தில் இருப்பவர்களை மதிக்க வேண்டும், அது கர்த்தர் கொடுத்த அதிகாரம் என்பார். காட்டு நிலமென்று சொல்லி வீடுகளைக் காலி செய்ய அதிகாரிகள் வந்தபோது, மப்ளரை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டார்.

"மரியாதையக் குடுங்க, வீட்டக் குடுத்துராதீங்க," என்று அம்மா கெஞ்சினாள்.

அப்பா சாமான்களை வெளியே எடுத்து வைத்தார். கூரை பிரித்த கூடத்தில் நின்று, வழக்கம்போல் முதலில் அதிகாரிகளுக்காகவே ஜெபித்தார். முடிவில் அம்மா ஆமென் சொல்லவில்லை. காத்திருந்தேன், அப்பாவும் சொல்லவில்லை.