சம்பந்தி விட்டுக்கொடுத்த ஈரல்

நாரின் என்ற மலையூரின் கால்நடை ஆய்வகத்தில் கிருமிகளுக்குச் சமைத்துப் போடுகிறவள் ஜூரகான். ஊரார் கேலியாகச் சொன்னது இது; சோதனைக் குழாயில் கிருமி வளரக் குழம்பு காய்ச்சுவதுதான் வேலை என்பதால் அவளும் மறுத்ததில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் மலை மேய்ச்சலில் மாடுகள் தொடை வீங்கிச் செத்தன. சப்பை நோய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிருமியைக் குழாயில் வளர்த்துக் காட்டினால்தான் தலைநகரிலிருந்து தடுப்பூசி வரும். காற்றுப் பட்டால் வளராத கிருமி அது. அதற்குப் புது ஈரல் போட்ட குழம்பு வேண்டும். உறைந்த பழைய ஈரலில் இரண்டு முறை ஒன்றும் முளைக்கவில்லை. இப்போது கையில் இருப்பது செத்த மாட்டிலிருந்து எடுத்த கடைசிச் சதைத்துண்டு. கணவாயைப் பனி அடைத்துவிட்டது, சந்தையில் ஈரல் இல்லை.

ஊரிலேயே புது ஈரல் அவள் வீட்டில்தான் இருந்தது. நாத்தனாரைப் பெண் கேட்டு வந்தவர்களுக்காக அன்று ஆடு அறுத்திருந்தார்கள். ஈரலும் ஆட்டின் வால்கொழுப்பும் சேர்த்துச் சம்பந்திகளுக்குக் கொடுத்தால்தான் சம்பந்தம் உறுதி என்பது அங்கே வழக்கம்.

ஈரலைக் கேட்டு வந்து நின்றவளை மாமியார் சொனுன் கத்தியோடு மறித்தாள். "ஏண்டி, தட்டுல ஈரல் இல்லாம வெறும் வால்கொழுப்பை வச்சா, பொண்ணு இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"பாதி போதும் அத்தே."

"பாதி ஈரல் வச்சா பாதிப் பொண்ணா குடுக்கறது?"

சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அப்பா ஷர்ஷென் வாசலுக்கே வந்துவிட்டார். ஜூரகான் மறைக்காமல் சொன்னாள். முகம் மட்டும் சிவந்தது.

அவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "என் மாடுங்களும் அங்கதாம்மா நிக்குது. எடுத்துட்டுப் போ. எங்களுக்கு ஆளுக்கொரு துணுக்கு வை. நாக்குல பட்டா சம்பந்தம் செல்லும்."

"சம்பந்திக்கு முந்தி பூச்சிக்குப் பந்தி!" என்று சொனுன் முணுமுணுத்தாள். ஆனாலும் ஈரலை அவளே துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

ஆய்வகத்தில் ஜூரகான் ஈரல் துண்டுகளை வேகவைத்து, குழம்போடு குழாய்களில் இறக்கி, மேலே எண்ணெய் மிதக்கவிட்டாள். காற்று முழுக்க வெளியேறும்வரை கொதிக்கவிட்டு, வாசல் பனியில் சட்டென்று ஆற்றினாள். பிறகுதான் கடைசிச் சதை உள்ளே போனது.

மறுநாள் கதகதப்புப் பெட்டியைத் திறந்தாள். குழம்பு கலங்கியிருந்தது. ஈரல் துண்டுகளுக்கு நடுவிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் ஏறி, எண்ணெய்க்கு அடியில் கூட்டமாக நின்றன.

"மூச்சு விடுது! வந்து பாருங்க, மூச்சு விடுது!" அதிர்ந்து பேசாத ஜூரகான் கத்தியதில் கட்டடமே ஓடிவந்தது. நுண்ணோக்கியில் குனிந்த மருத்துவர் துர்துபெக் நிமிராமலே சொன்னார்: "அதேதான். தலைநகருக்குப் போனைப் போடுங்கய்யா!"

கணவாய் திறந்து தடுப்பூசி வண்டி மலையேறியபோது ஓட்டுநர் பக்கத்தில் அவளை உட்காரவைத்தார்கள். ஊர் தாண்டும்வரை அவர் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளும் போதும் என்று சொல்லவில்லை.