அவள் காட்டிய மரம்

அந்த நாளில் வெளியூர்க்காரர்கள் உத்திரமேரூருக்குக் கல்வெட்டைப் பார்க்க வருவதாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். கோயிலில் கால் மணி நேரம். மிச்சப் பொழுதெல்லாம் ஏரிக்கரைப் பனந்தோப்புக் கள்ளுக்கடையில். எண்பதுகளின் தொடக்கம். அரசாங்கமே அனுமதித்திருந்ததால் குடிமக்கள் கூச்சமில்லாமல் குடித்தார்கள். கடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஏரி மீன் வறுத்து விற்பாள். அவள் புருஷன் அதே தோப்பில் கள்ளிறக்கும் மரமேறி.

ஒரு பங்குனி மதியம், காய்ந்த கோரையில் பிடித்த தீ தோப்புக்குள் புகுந்து, தொங்கிய பனை மட்டைகளைப் பற்றிக்கொண்டு மேலேறியது. அவன் அப்போது மரத்தின் மேல் இருந்தான்.

விசாரணைக்குப் போன வருவாய் ஆய்வாளன் நான்தான். மதகை ஒட்டி, தோப்பின் கடைக்கோடியில் நின்ற மரம் அது. வீடு எரிந்தால் உதவித்தொகை உண்டு. மரம் எரிந்தால் குத்தகைக்காரர் மனு கொடுக்கலாம். மரத்தோடு மனிதன் எரிந்தால் என்ன செய்வது என்று விதிகளில் இல்லை. தேடிப் பார்த்தவன் சொல்கிறேன்.

மழைக்குப் பிறகு கருகிய பனைகள் பலவும் குருத்து விட்டன. மதகு மரம் விடவில்லை. தை மாதம் கடையைத் திறந்தார்கள். கள்ளில் புகை நாற்றம் அடிக்கும் என்று முதலில் ஒருவரும் வரவில்லை. அவள் வறுத்த மீனை அவள் பிள்ளைகளே தின்றார்கள். பிறகு, ஓர் ஆள் மரத்திலேயே வெந்து செத்த தோப்பு என்று செய்தி பரவியது. முன்னைவிடக் கூட்டம்.

"எந்த மரம்மா அது?"

அவள் தலை நிமிராமல் கரண்டியைச் சாலையோர மரத்தின் பக்கம் நீட்டுவாள். "அதோ, அதான்." அவர்கள் அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு மீன் வாங்குவார்கள்.

"அந்த மரத்துக் கள்ளுதான் சார் மொதல்ல தீருது," என்றார் குத்தகைக்காரர். அதற்குத் தனிப் பானையே வைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் மெல்லக் கேட்டேன். "ஏம்மா, அது இல்லையே?"

"தெரியும் சார். அவுங்களுக்கு ஒரு மரம் வோணும், எனக்கு யாவாரம் ஆவணும். அத்த ஏன் காட்டணும்?" மீனைத் திருப்பினாள். "அதுவும் துளுக்கும் சார். அடி நல்லாத்தான் கீது. துளுத்தா அதுல யாரையும் ஏற வுடாதீங்க."

"கள்ளிறக்க அரசாங்க நம்பர் போடாத மரத்தில் யாரும் ஏற முடியாது. போடாமல் பார்த்துக்கொள்கிறேன்," என்றேன். பட்ட மரத்துக்கு நம்பர் போடும் வழக்கமே இல்லை என்பதைச் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு மாலை கோடைக்காற்று சுழன்றடித்தது. மதகுப் பக்கம் கனமான ஏதோ விழுந்த சத்தம். மொட்டையாக நின்றது மரம். அதன் கருகிய கொண்டை தண்ணீரில் கிடந்தது. சாலையோர மரத்தடியில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, மீனு தீயுது பாரு!" என்றார் ஒருவர்.

அவள் அதை எடுத்துப் போட்டுவிட்டு, வேறொரு துண்டை எண்ணெயில் விட்டாள்.