மேரி எண்ணாமல் விட்ட நாட்கள்

மார்கழி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. காலையில் தினசரிக் காலண்டரின் தாள்களைத் தூக்கித் தூக்கி, தையில் எந்த நாள் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுப்போன நடைப்பயிற்சியை மறுபடி தொடங்குவதற்குத்தான். அப்போது சூசையிடமிருந்து போன் வந்தது. "அக்கா, மேரி போயிட்டா. தஞ்சாவூர்லேர்ந்து கெளம்பிட்டோம்" என்றார். சூசை மேரியின் கணவர். சளிக் காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, பன்னிரண்டு நாளாக அவளை அங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் காலண்டர் தாளைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.

குடவாசலில் நம் தாலுகா அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கு ஆரோக்கியமேரியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. பதினெட்டு வருடம் என் பக்கத்து மேஜைக்காரி. என்னைவிட நான்கு வயது சின்னவள். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவது போலிருந்தது. ஆகவே அவள் என்றே எழுதுகிறேன். எழுதுவதற்குத் தெம்பில்லை. நம் சங்க இதழுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள், மறுக்கவும் தெம்பில்லை.

பத்து வருடத்துக்கு முன் அலுவலகத்துக்கே வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்களே, அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அவளுக்கு என்னைவிடக் கூடுதல். தினமும் நடக்கச் சொன்னார்கள். நான் அதைக் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், ஒரு நாள்கூடத் தப்பாமல் நடப்பது. கட்டம் போட்ட தாள், புது ஷூ, சித்திரை வளர்பிறையில் ஒரு நல்ல நாள். இருபத்தேழாம் நாள் ஜமாபந்தி வந்தது. மேலதிகாரி வந்து வருடக் கணக்கு முழுவதையும் பார்க்கும் அந்த நாட்களில் நாம் வீட்டுக்குப் போய்ச் சேர்வதே பெரிய காரியம். ஒரு நாள் தப்பியது. ஒரு நாள் தப்பினால் மண்டலம் முறிந்தது என்று அர்த்தம், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அதற்கு மறுபடி நல்ல நாள் வேண்டும். ஆனி முழுக்கக் கல்யாணம். ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணியில் ஆரம்பித்தேன், பத்தொன்பதாம் நாள் காய்ச்சல். அந்த வருடம் நான் நடந்த நாட்களைவிட நாள் பார்த்துக் காத்திருந்த நாட்களே அதிகம்.

மேரி பழைய ரப்பர் செருப்போடு வாய்க்கால் கரையில் நடந்தாள். மழை என்றால் மாதா கோயில் தாழ்வாரத்தில் நாலு சுற்று. நேரமில்லை என்றால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி வருவாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. பயிர்க்கணக்குப் பதிவேட்டில் ஓர் எண் தப்பினால் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதுகிறவள் நான். "அடிச்சிட்டு ஓரத்துல சின்னதா ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா. அப்படித்தானே போடச் சொல்லியிருக்கு" என்பாள். நாள் பார்க்காமல் ஆரம்பித்தால் உருப்படுமா என்று ஒரு தரம் அவளிடம் கேட்டுவிட்டேன். "நாள் பாக்கறதெல்லாம் மிராசுதார் வீட்டுலக்கா. எங்கம்மாவுக்குத் தண்ணி வந்தா நடவு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது.

நம் துணை வட்டாட்சியர் ஒருவரின் பிரிவு உபசார விழாவில் ஜாங்கிரி வைத்தார்கள். நாற்பது நாளாக இனிப்பைத் தொடாமலிருந்த நான், அன்று யாரோ வற்புறுத்தியதில் ஒன்றைத் தின்றுவிட்டேன். போனது போனதுதானே என்று மேலும் மூன்று தின்றேன். மேரி தன் ஜாங்கிரியில் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு மீதியைக் காகிதத்தில் மடித்தாள். பிறகு என் இலையைப் பார்த்தாள். "ஒரு ஜாங்கிரியால கெட்டது ஒரு ஜாங்கிரி அளவுதான். அதுக்குத் தொணையா மூணை ஏன் அனுப்பினீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவர்களுடைய தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மீன்குழம்பு வாசனை. நாற்பது நாள் கவிச்சியே கிடையாது என்று அலுவலகத்தில் சொன்னவள் ஆயிற்றே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மாட்டிக்கொண்டாள் என்றுகூட நினைத்தேன். "என்ன மேரி, விரதம் போச்சா?" என்றேன். "ஞாயிறு கணக்குல வராதுக்கா. சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டருக்கு மொத நாள் வரைக்கும் எண்ணிப் பாருங்க, நாப்பத்தாறு வரும். ஆறு ஞாயித்துக்கெழமைய விட்டுட்டுத்தான் நாப்பது. எங்க வீட்டுல அன்னிக்கு மீன் உண்டு. திங்கக்கெழமை மறுபடி தயிர்சாதம்." நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. விட்ட நாளையும் உள்ளே வைத்துக்கொண்டே ஒரு விரதம் விரதமாக இருக்க முடியும் என்பது என் மண்டையில் ஏற வெகுகாலம் பிடித்தது.

ஏறுவதற்குள் ஒரு விரல் போய்விட்டது. நான்கு வருடத்துக்கு முன் இன்னொரு மண்டலத்துக்காக வாங்கிய புது ஷூ இடது காலைக் கடித்தது. கால் மரத்துப்போயிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. புண் பழுத்துத் தஞ்சாவூருக்குப் போனபோது இரண்டாவது விரலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். புண் ஆறி, எழுந்து நடக்கலாம் என்று சொன்ன பிறகும் நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஒன்பது விரலை வைத்துக்கொண்டு இனி என்ன நடை என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மேரி வந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "கொல்லைக் கதவு வரைக்கும் வாங்க" என்றாள். எண்ணி இருபது அடி இருக்கும். "இதுக்குப் பேரு நடையா?" என்று கத்தினேன். "பேரெல்லாம் அப்பறம் வெச்சுக்கலாம். எந்திரிங்க" என்றாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். மறுநாளும் அலுவலகம் விட்டு வந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை, நான்காம் நாள் வந்தாள். ஏன் வரவில்லை என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவளை உத்தமியாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அவள் அம்மா இறந்தபோது ஒரு மாதத்துக்கு மேல் அவள் நடக்கவே இல்லை. மாத்திரையையும் விட்டுவிட்டாள், முகம் வீங்கிப்போயிருந்தது. பிறகு ஒரு நாள் காலை வாய்க்கால் கரையில் எதிரே வந்தாள். "மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்றேன். "நிறுத்துனாத்தானே ஆரம்பிக்க? நடுவுல ஒரு மாசம் வரல, அவ்வளவுதான்" என்று சொல்லி என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நானாக இருந்தால் அந்த ஒரு மாதத்துக்காக ஒரு வருடம் வெட்கப்பட்டிருப்பேன்.

அடக்கத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் என் பின்னால் நின்ற உறவுக்காரப் பெண் ஒருவர், "தெனம் நடந்த மனுசி. வாயக் கட்டி வயித்தக் கட்டி என்னத்தக் கண்டா?" என்றார். நீங்களும் கேட்டிருப்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐம்பத்தோரு வயது. ஜாங்கிரியை அப்படியே முழுசாகத் தின்றிருக்கலாமே என்றிருந்தது. சூசை திரும்பிப் பார்த்தார். "சாகாம இருக்கறதுக்கா நடந்தா? ஆஸ்பத்திரிக்குக்கூடத் தன் கால்லதான் வந்து வண்டியில ஏறுனா. அதுக்குத்தான் நடந்தா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்தே நான் நடக்கவில்லை. அடக்கம் முடிந்த பின்னும் நடக்கவில்லை. முப்பதாம் நாள் பூசை முடியட்டும், அதன் பிறகு ஒழுங்காக ஆரம்பிக்கலாம் என்று மனசு பழைய கதையைப் பேசத் தொடங்கியது. போன வாரம் தஞ்சாவூரில் டாக்டர் என் இடது குதிகாலில் குத்திப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இனிமே போனா வெரல் போகாதும்மா, காலுதான். நடக்கறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பொய்தான் உறுத்திக்கொண்டே வந்தது. மேரியிடம் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல அவள் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டை விட்டு இறங்கி நடந்தேன். சாலையில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள், மீதியில் மோட்டார் சைக்கிள்கள். அடுத்த தெருமுனை வரை போய் முடியாமல் திரும்பிவிட்டேன். வெள்ளி போகவில்லை. சனி போகவில்லை. ஞாயிறு போனேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே நடந்தேன். யாராவது பார்த்திருப்பார்கள், பார்க்கட்டும். திங்கள் போகவில்லை.

அவளிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கடைசியில் எழுத வேண்டுமாம். பெரிதாக ஒன்றுமில்லை. ஐம்பத்தைந்து வயது வரை என் வாயில் வராத ஒரு சாதாரணப் பேச்சு, இப்போது கூச்சமில்லாமல் வருகிறது. அதை எழுதி முடித்துக்கொள்கிறேன். இன்று நான் நடக்கவில்லை. நாளைக்கு நடப்பேனா, தெரியாது. நாளைக்கும் நடக்காவிட்டால், நாளன்றைக்கு நடப்பேன்.