முட்டிச் சவ்வு செருப்பல்ல

தேய்மானம் என்ற சொல் எனக்குப் பிடிக்காது. முழங்கால் வலி என்று வாய் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் "சவ்வு தேஞ்சுபோச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். செருப்பு தேயும். வண்டிச் சக்கரத்துப் பட்டை தேயும். முட்டிக்குள் இருப்பது உயிருள்ளது. இதற்காக ஒரு டாக்டரோடும் சொந்த மனைவியோடும் சண்டை போட்டவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் தருமபுரிப் பக்கம் அம்மை குத்தும் வேலையில் இருந்தேன். என் பொறுப்பில் பதினேழு ஊர்கள். அவற்றில் ஆறு வத்தல்மலை மேலே. ஐப்பசி முதல் மழையில் மலைப்பாதையில் சறுக்கி விழுந்து வலது முட்டி வீங்கிப்போயிற்று. எலும்பு முறியவில்லை. டவுன் டாக்டர் காலை நீட்டி, இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டினார். நாற்பது நாள் தரையில் ஊன்றக் கூடாது.

ஊன்றவில்லை. படுத்தபடி கூரை ஓடுகளை எண்ணினேன்: நானூற்றுப் பன்னிரண்டு, அதில் மூன்று உடைந்தவை. கட்டை அவிழ்த்தபோது வீக்கம் வற்றியிருந்தது. ஆனால் முட்டி பாதிகூட மடங்கவில்லை. ஊன்றினால் உள்ளே மணல் அரைபடுவது போலிருந்தது.

டாக்டர் தட்டிப் பார்த்தார். "சவ்வு தேஞ்சிருக்குது. இன்னும் நாப்பது நாள் கட்டிப் போடலாம்."

"நாப்பது நாளா நடக்கவே இல்லீங்களே, எப்படிங்க தேயும்?"

"நீங்க அம்மை குத்தறதோட நிறுத்திக்குங்க," என்றார்.

அதே வாரம் கடிதம் வந்தது. தை பிறந்ததும் இன்ஸ்பெக்டர் வருவார். அவரோடு மலையேற முடியாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள். எனக்கு இருந்தது நாற்பத்தாறு நாள்.

காரிமங்கலம் சந்தையிலிருந்து ஓர் ஆட்டுக்கால் வாங்கிவரச் சொன்னேன். மனைவி சூப்புக்கு என்று நினைத்தாள். நான் பேனாக்கத்தியால் மூட்டைப் பிளந்தேன். எலும்பு முனையில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு பூச்சு. எலும்பில் ரத்தம் இருந்தது; சதையில் இருந்தது; அதில் ஒரு சொட்டு இல்லை. கட்டைவிரலால் அழுத்தினேன், ஈரம் கசிந்தது. விட்டேன், ஈரம் உள்ளே போயிற்று. பதினெட்டு முறை அழுத்திப் பார்த்தேன்.

"எங்க வூட்ல ஆட்டுக்காலச் சட்டில போடுவாங்க," என்றாள் மனைவி. "நீங்க அதுக்கு நாடி புடிச்சிக்கிட்டிருக்கீங்க."

"ரத்தம் போகாத எடத்துக்குச் சோறு எப்படிப் போகும்? அழுத்தி அழுத்தி விட்டாத்தான் போகும். அந்த டாக்டர் நாப்பது நாளா பட்டினி போட்டிருக்காரு."

"முட்டிக்கு வேற சோறா? எனக்கு வர்ற கோவத்துல உங்களுக்கே போடமாட்டேன்."

பலகையை அடுப்புக்குக் கொடுத்தேன். தடியை ஊன்றி முதல் நாள் இருபது அடி, பிறகு உட்கார்வது, மறுபடி இருபது. தினமும் இருபது கூட்டினேன். ஒன்பதாம் நாள் ஆத்திரத்தில் ஒரே மூச்சில் ஐந்நூறு நடந்தேன். முட்டி மறுபடி வீங்கியது. மனைவி ஒத்தடத் துணியை என் மடியில் எறிந்துவிட்டுப் போனாள். மறுநாள் பாதியாகக் குறைத்தேன், விடவில்லை.

பிற்காலத்தில் படித்தேன். அந்த வெள்ளைப் பூச்சுக்குப் பெயர் குருத்தெலும்பு; அதற்குள் இருக்கும் உயிரணுக்கள் அழுத்தத்தை உணர்கின்றனவாம். அளவாக அழுத்தி விட்டால் தம்மைச் சுற்றியுள்ள பொருளைத் தாமே கட்டுகின்றன. அழுத்தமே இல்லையென்றால் அந்த வேலை தளர்ந்துவிடுகிறது. அளவுமீறி நசுக்கினால் மடிகின்றன. இதில் பாதியை ஆட்டுக்கால் எனக்குச் சொல்லிவிட்டது. மீதியை அந்த ஒன்பதாம் நாள் சொன்னது.

தை நான்காம் தேதி இன்ஸ்பெக்டர் வந்தார்.

"கால் தேறாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரே?"

"அது பலகையில கெடந்த காலுங்க. இது நடக்கிற கால்."

தடியில்லாமல் ஏறினேன். உச்சி ஊரில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு அம்மை குத்தினேன். இன்ஸ்பெக்டர் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு, நானே இந்த வேலையில் தொடரலாம் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியை அதிகம் அழுத்தும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் வலித்தது. இன்ஸ்பெக்டர் பின்னால் வந்துகொண்டிருந்தார். அடிவாரம்வரை நான் முகத்தை அவர் பக்கம் திருப்பவே இல்லை.