சம்பந்தி வாங்கிய நாற்பத்தேழு

கண்ணாடிக்காரருக்கு நாற்பத்து மூன்று வயது. வாரத்தில் ஆறு நாள் வீட்டு ஜன்னல்களுக்கும் கடை முகப்புகளுக்கும் கண்ணாடி பொருத்துவார். ஏழாவது நாள் கால்பந்து. சும்மா தெருமுனை ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், நாட்டுக்காக ஆடுகிற ஆட்டம். நாட்டின் கோல்கீப்பரா ஏணியில் ஏறிக் கண்ணாடிக்குப் பட்டி பூசுகிறார் என்று யாராவது வாயைப் பிளந்தால், அவருக்கு அந்த நாட்டின் அளவு தெரியாது என்று அர்த்தம். காலையில் கிளம்பும் டவுன் பஸ் எல்லையின் நாலு மூலையையும் தொட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடும். அணியின் கோச் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். கோலுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவர்களில் ஒருவர், அந்த டவுன் பஸ்ஸின் டிரைவரேதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய நாடு. அங்கே பந்து ஆடுகிறவனுக்கு அது ஒன்றுதான் வேலை. சமைத்துப் போட ஓர் ஆள், காலைப் பிடித்துவிட ஓர் ஆள், எப்போது தூங்க வேண்டும் என்று சொல்ல இன்னோர் ஆள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கினால், இந்த இரண்டு நாடும் எப்படியோ ஒரே பிரிவில் வந்து மாட்டிக்கொள்ளும். இதுவரை ஆறு தடவை மோதியாயிற்று. வாங்கிய கோல்கள் பதினொன்று, ஒன்பது, ஏழு, எட்டு, ஆறு, ஆறு. ஆக மொத்தம் நாற்பத்தேழு. ஆறு ஆட்டத்திலும் கோலில் நின்றவர் நம் கண்ணாடிக்காரர்தான்.

அவரே மறக்க நினைத்தாலும் மறக்கவிடாத மனிதர் ஒருவர் உண்டு, அவருடைய சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். சம்பந்தி அங்கே வீட்டு முன்னறையிலேயே சலூன் நடத்துகிறார். கல்யாணம் பேசி முடித்த மறுவாரமே பழைய ஆட்டங்களின் கோல் எண்ணிக்கையை எல்லாம் தேடிப் பிடித்து, ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் வரிசையாக எழுதி, சுவரில் மாட்டிவிட்டார். தலைப்பு, ‘சம்பந்தி வாங்கியது’. முடி வெட்ட உட்கார்ந்தவர் தலையை இப்படி அப்படித் திருப்ப முடியாதே. வேறு வழியில்லாமல் அதைப் படித்துத்தான் ஆகவேண்டும். சம்பந்தி கெட்டவர் இல்லை. கேலி செய்யாமல் ஒருவரிடம் பிரியமாக இருக்கத் தெரியாத பிறவி, அவ்வளவுதான்.

கண்ணாடிக்காரரும் தொட்டதற்கெல்லாம் முகம் சுருங்குகிறவர் இல்லை. பதினொரு கோல் வாங்கிய அன்றுகூட, “பன்னெண்டாவத விட்டேனா?” என்று கேட்டவர் அவர். ஆனால் மகள் காய்கறி வாங்கப் போனாலும் வந்தாலும் அந்தப் பலகையைக் கடந்துதான் போகவேண்டும். அது மட்டும் அவருக்கு உறுத்தியது. ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் அவர் ஆசைப்படவில்லை, புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அந்தப் பலகையில் சம்பந்தி கையாலேயே ஒரு பூஜ்யம் எழுதவைக்க வேண்டும். கோலிலிருந்து விடைபெறுவதற்குள் ஒரே ஒரு பூஜ்யம். அதை எழுதவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

ஏழாவது ஆட்டத்துக்கு இரண்டரை மாதம் இருந்தபோது மகள் வந்தாள். பையைக்கூட வைக்காமல் சமையலறை மேஜையில் போனைச் சாய்த்து நிறுத்தினாள்.

“அப்பா, உட்காருங்க. ஆறு மேட்சையும் திரும்பப் பாத்தேன். நாப்பத்தேழுல முப்பத்தொண்ணு உயரமா வந்து மேலேருந்து விழுந்த பந்து. அது ஏன்னு தெரியுமா?”

“அவனுங்க உயரமா அடிச்சானுங்க.”

“இல்ல. உங்க காலப் பாருங்க.”

பார்த்தார். பந்து வானத்திலிருந்து இறங்குகிறது. திரையில் இருக்கும் கண்ணாடிக்காரர் கைகளை உடம்போடு சேர்த்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போகிறார். அதோடு வாயைத் திறந்து என்னவோ கத்துகிறார். அதைக் கேட்டதும் டிரைவர் உள்பட எல்லோரும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். பந்து சாவகாசமாக உள்ளே போகிறது.

“என்ன கத்தறீங்க அங்க?” என்றாள் மகள். அவளுக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் வளர்ந்தவள்.

அவருக்கு வேர்த்துவிட்டது. கண்ணாடிக் கடையில் சேருகிற அன்றே முதலில் சொல்லித்தருவது ஒன்றுதான். கண்ணாடி கை நழுவினால் பிடிக்கப் போகாதே. கையை எடு, பின்னால் போ, ‘போச்சு!’ என்று கத்து. கத்தினால் கடையில் இருக்கிற அத்தனை பேரும் விலகிக்கொள்வார்கள். கண்ணாடி போனால் வேறு வெட்டிக்கொள்ளலாம், விரல் போனால் என்ன செய்வது? இருபத்து நாலு வருஷமாக அந்தப் பாடம் அவருக்குச் சோறு போட்டது, பத்து விரலையும் காப்பாற்றியது. அதையே அவர் கொண்டுபோய்க் கோல் வாசலிலும் செய்திருக்கிறார். தலைக்கு மேலிருந்து எது விழுந்தாலும், மூளைக்குச் சேதி போவதற்குள் கால் பின்னால் போய்விட்டது. அணியில் இருந்தவர்களும், கோல்கீப்பரே ‘போச்சு’ என்று சொன்ன பிறகு நாம் என்ன செய்ய என்று விட்டுவிட்டார்கள். எதிரணிக்காரன் பார்த்தான், ஆஹா என்று உயர உயர அடித்தான்.

“இத்தன வருஷமா ஒருத்தருக்கும் தெரியலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். காரணம் தெரிந்துவிட்ட வியாதி பாதி குணமான மாதிரிதான் அவருக்கு.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமாயிற்று. வைத்தியர் அவருடைய மனைவி. மாடி வராந்தாவில் நின்றுகொண்டு தலையணை, மெத்தைத் திண்டு, பிளாஸ்டிக் வாளி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் கீழே போடுவாள். இவர் முற்றத்தில் முன்னால் ஓடி வந்து, ‘எனக்கு!’ என்று கத்திக்கொண்டே பிடிக்க வேண்டும். முதல் வாரம் எல்லாம் தரையில்தான் விழுந்தது. கால் பின்னால்தான் போயிற்று.

“இருபத்தஞ்சு வருஷமா மனசுல இருந்ததெல்லாம் இப்பத்தான் தூக்கிப் போட சான்ஸ் கிடைச்சிருக்கு, சீக்கிரம் கத்துக்காதீங்க” என்றாள் மனைவி. அக்கம்பக்கத்தார் முதலில் சண்டை என்று நினைத்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்கள் வீட்டுத் தலையணைகளும் வந்து சேர்ந்தன.

ஆறாவது வாரத்தில் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அங்கேதான் வந்தது வினை.

ஆட்டத்துக்கு நாலு வாரம் இருக்கும். கடையில், மேல் அடுக்கிலிருந்து ஜன்னல் கண்ணாடி ஒன்றைப் பக்கத்து ஆள் இறக்கும்போது நழுவவிட்டான். “போச்சு!” என்றான். எல்லோரும் விலகினார்கள். கண்ணாடிக்காரர் மட்டும், “எனக்கு!” என்று கத்திக்கொண்டு முன்னால் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தார். அழகான பிடிதான். இடது உள்ளங்கையில் ஐந்து தையல்.

கடை முதலாளியம்மா அறுபதைத் தாண்டியவர். அதட்டிப் பேசியே பழக்கப்பட்டவர் அன்றைக்குக் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடிக்காரரின் கையில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே பேசினார்.

“தம்பி, கழுத்துல விழுந்திருந்தா உன் பொண்டாட்டிகிட்ட நான் என்ன பதில் சொல்றது? ஒரே காலு ரெண்டு பாடத்தையும் வச்சுக்காது. மேட்ச் முடியற வரைக்கும் மேஜைல உட்காந்து வெட்டு, போதும். அப்புறமா எந்தக் காலு வேணும்னு நீயே முடிவு பண்ணு. பழைய காலு திரும்பி வராம நீ என் ஏணில ஏறக் கூடாது.”

அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போதே கண்ணாடிக்காரர் முடிவு செய்துவிட்டார். புதுக்கால் ஓர் ஆட்டத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு கையுறையைக் கழற்றிவிட வேண்டும். அப்படியென்றால் பூஜ்யத்துக்கு இருப்பது ஒரே வாய்ப்பு. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பயமாக இல்லை.

ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல், ஆற்றுக்கு இந்தப் பக்கத்து மைதானத்தில். பெரிய நாட்டுக்கு இதில் ஜெயித்தால் உலகக் கோப்பைக்கு இடம் உறுதி, இல்லாவிட்டால் இன்னோர் ஆட்டம் ஆடி அதில் ஜெயிக்க வேண்டும். பாலத்தைத் தாண்டி ஐம்பது பஸ்ஸில் ஆட்கள் வந்திருந்தார்கள். சம்பந்தி கோலுக்குப் பின்னாலேயே இடம் பிடித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக் காட்டினார். பக்கத்தில் மகள் எந்தப் பக்கத்துக் கொடியும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது நிமிஷமே முதல் உயரப் பந்து வந்தது. கண்ணாடிக்காரரின் இடது கால் ஒரு கணம் நடுங்கியது. பின்னால் போகட்டுமா என்று கேட்பதுபோல நடுங்கியது. வலது கால் அதற்குள் முன்னால் போய்விட்டது. “எனக்கு!” என்றார். பிடித்தார். எதிரணியின் பெரிய ஆட்டக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ தப்பு நடந்துவிட்டது, அடுத்த தடவை சரியாகிவிடும் என்ற பார்வை.

சரியாகவில்லை. உயரமாக அடித்தார்கள், பிடித்தார். இன்னும் உயரமாக அடித்தார்கள், இன்னும் சாவகாசமாகப் பிடித்தார். தாழ்வாக அடித்ததை டிரைவர் குறுக்கே விழுந்து விழுந்து தடுத்தார். பயணிகளுக்காகக்கூட அவர் அப்படி பிரேக் போட்டதில்லை. இரண்டு தடவை பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. கம்பத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டார், வெட்கப்பட என்ன இருக்கிறது? இடைவேளைக்குப் பிறகு பெரிய நாட்டின் கோல்கீப்பரைத் தவிர அத்தனை பேரும் இந்தப் பாதியில்தான் இருந்தார்கள். தையல் பிரித்த உள்ளங்கை கையுறைக்குள் எரிந்தது.

கடைசி நிமிஷத்தில் வலது ஓரத்திலிருந்து வந்தது அந்தப் பந்து. உயரமென்றால் அப்படி ஓர் உயரம். மைதானமே அண்ணாந்து பார்த்தது. கண்ணாடிக்காரருக்குக் கண் கூசியது, சூரியன் நேரெதிரே. பந்து ஓரத்தில் மின்னிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தபோது, மேல் அடுக்கிலிருந்து நழுவுகிற கண்ணாடியைத்தான் அவர் பார்த்தார். பழைய சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கோலுக்குப் பின்னாலிருந்து மகள் எழுந்து நின்றாள். அவள் எதுவும் கத்தவில்லை, அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு!”

டிரைவர் குனிந்து வழிவிட்டார். கண்ணாடிக்காரர் இரண்டு பேர் தோளுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்து, அதன்மேலேயே படுத்துக்கொண்டார். விசில் ஊதிய பிறகும் எழுந்திருக்கவில்லை. டிரில் மாஸ்டர் ஓடிவந்து தூக்கினார். மைதானத்து ஸ்கோர் பலகையில் இரண்டு பக்கமும் பூஜ்யம். கண்ணாடிக்காரர் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. பிறகு கையுறைகளைக் கழற்றி டிரில் மாஸ்டர் கையில் வைத்தார்.

திரும்பிப் பார்த்தபோது சம்பந்தியின் இடம் காலியாக இருந்தது.

ஒன்பது நாள் சம்பந்தியிடமிருந்து போன் இல்லை. “உங்க பூஜ்யம் வேணும்னுதான் தலையணை போட்டேன். ஆனா நம்ம பொண்ணு அங்கதானே இருக்கா” என்று மனைவி கவலைப்பட்டாள். கண்ணாடிக்காரர் வெட்டு மேஜையில் உட்கார்ந்து அளவெடுத்து வெட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மனைவி மாடியிலிருந்து வாளியைப் போடுவாள், இவர் விலகி நிற்கப் பார்ப்பார். பாழாய்ப்போன கால் முன்னாலேயே ஓடியது.

பத்தாவது நாள் சம்பந்தியே கூப்பிட்டார். அந்த இன்னோர் ஆட்டத்தில் அவர்கள் முந்தின நாள் ஜெயித்துவிட்டிருந்தார்கள்.

“கடைக் கண்ணாடில ஒரு மூலை விரிசல் விட்டிருக்கு. வந்து அளவெடுத்து மாத்திக் கொடுங்க.” போன் வைத்தாயிற்று.

கணவனும் மனைவியும் போனபோது நாற்காலியில் ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரரின் கண் நேராகப் பலகைக்குப் போயிற்று. பழைய ஆறு எண்களும் சாக்பீஸில் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே, அவற்றைவிட இரண்டு மடங்கு பெரியதாக, வெள்ளைப் பெயிண்டில் ஒரு பூஜ்யம்.

சம்பந்தி கத்தியைத் தீட்டிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் பேசினார். “ஒரு வாரம் உங்கமேல கோபமாத்தான் இருந்தேன் சம்பந்தி. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சேன். சாக்பீஸ்ல எழுதினா யாராவது துடைச்சிடுவாங்க. அதான் பெயிண்ட். மத்தத எல்லாம் அழிச்சிடும்மான்னு உங்க பொண்ணு கைல ஈரத்துணி கொடுத்தேன். அவ மாட்டேங்கறா.”

மகள் உள்வாசலில் நின்றிருந்தாள். “அந்த நாப்பத்தேழும் இருக்கட்டும்பா. அது இருந்தாத்தான் இந்தப் பூஜ்யம் எவ்வளவு பெரிசுன்னு தெரியும்” என்றாள்.

வேலைக்காரனுக்குப் பேச்சு வராவிட்டால் டேப்பை எடுப்பதுதான் வழக்கம். கண்ணாடிக்காரர் டேப்பை இழுத்துக் கண்ணாடியின் உயரத்தை அளக்கக் கையை உயர்த்தினார். முழங்கை இடித்து, மேல் தட்டிலிருந்து ஒரு வாசனைத் தண்ணீர் பாட்டில் ஆடிக் கவிழ்ந்தது.

“போச்சு!”

கத்தியது யார் என்று அவரே ஒரு கணம் தேடினார். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. கால்கள் இரண்டு அடி பின்னால் வந்திருந்தன. பாட்டில் தரையில் விழுந்து நொறுங்கி, சலூன் முழுக்க வாசனை அடித்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று சம்பந்தி கத்தியோடு குதித்தார். “இப்படித்தான்யா நாப்பத்தேழும் போச்சு!” நாற்காலியில் இருந்தவர் நுரை தெறிக்கச் சிரித்தார்.

கண்ணாடிக்காரர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். மனதின் ஒரு மூலையில் சுருக்கென்றது. இனி எந்த மைதானமும் அவரைக் கூப்பிடாது. அடுத்த கணம் அவரும் சிரித்தார், பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

“கடைக்குப் போன் போடு” என்றார் மனைவியிடம். “திங்கக்கிழமை நான் ஏணி ஏறுறேன்னு முதலாளியம்மாகிட்ட சொல்லு.”