உறையவிடாத துளை

பொலெத்தெயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல, பனிக்கடல் ஓரத்துத் துவாபலுக்கில் ஆள் கிடைப்பது கஷ்டம். அவளும் யாரைப் பற்றியும் அப்படிச் சொன்னதில்லை, அதனால் கணக்கு சரிதான். முப்பது வீடு, ஒரு கடை, ஒரு கோயில், ஒரு மீன் கொட்டகை, மனிதர்களைவிட அதிகமாக நாய்கள். ஒருத்தி யாரோடும் பேசாமல் இருந்தால் அது ஊர் முழுக்கத் தெரியும்.

தாத்தாக்கள் காலத்தில் இங்கே சீல் வேட்டைதான். கொழுப்பெண்ணெய் வாங்க வந்த டேனிஷ் வியாபாரி கடை போட்டான், கடையைச் சுற்றி ஊர் வந்தது. பிறகு தோலுக்கு விலை இல்லாமல் போய்விட்டது. ஹாலிபட் மீன்தான் ஊரைக் காப்பாற்றியது. குளிர்காலத்தில் கடல் உறைந்ததும் நாய் வண்டியில், பனியாறு கடலில் சேரும் முகப்புக்குப் போய், துளை வெட்டி, ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கான கொக்கி கோத்த ஆயிரங்கால் தூண்டிலை இறக்குவார்கள். முனையில் ஒரு தகரம் கட்டியிருக்கும். நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போக, தூண்டில் சாய்வாக ஆழத்துக்கு இறங்கும். ஆண்கள் வேலை என்பார்கள். பொலெத்தெயின் புருஷன் வசந்தகாலப் பனி உடைந்து வண்டியோடு கடலுக்குள் போன பிறகு, அவன் துளைக்கு அவள் போனாள். மீன் கொட்டகையில் சிரித்தார்கள். மீனை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் போனது.

இந்த ஜனவரியில் பித்தப்பைக் கல் அவளைப் படுக்கப் போட்டது. ஹெலிகாப்டரில் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவள் துளையில் தோபியாஸின் தூண்டில் தொங்கியது. தோபியாஸ் அவள் புருஷனின் தம்பி.

துளைக்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எவன் உறையவிடாமல் பார்த்துக்கொள்கிறானோ அவனுடையது. உறைந்துவிட்டால் யாரும் திறக்கலாம். ஆனால் நோயாளியின் துளையை, பக்கத்தில் குறிக்கம்பு நிற்கும்வரை, யாரும் தொடுவதில்லை. கம்பு இல்லவே இல்லை என்றான் தோபியாஸ். காற்று அடித்துப்போயிருக்கும் என்றார்கள் மற்றவர்கள். அவனிடம்தான் ஊரின் ஒரே டிராக்டர் இருந்தது, அவனைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. காற்று கம்பை முறித்திருந்தால் அடிக்கட்டை பனியில் நிற்குமே என்று அவள் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள்.

அது போனால் அவளுக்கு வேறு இடம் இல்லை. மற்ற துளைகளில் ஆழம் அதிகம். கையால் சுற்றிக் கயிற்றை ஏற்றும் விஞ்சும் வயிற்றில் புதுத் தையலுமாக அங்கே இழுக்க முடியாது. மீன் இல்லையென்றால் நாய்க்குத் தீனி இல்லை. நாய்களைச் சுட்டுவிட்டுப் பெரிய ஊர் முதியோர் இல்லத்தில் போய் ஜன்னலோரம் உட்காரவேண்டியதுதான்.

அவள் கூடாரத்தையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு துளைக்கே போய்விட்டாள். நாய்களைத் தள்ளிக் கட்டினாள். காலையும் மாலையும் கடப்பாரையால் பனியைக் குத்தித் துளையைத் திறந்து வைத்தாள். சேதி ஊருக்குப் போனது. தூண்டிலை எடுக்க வந்தால் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று தோபியாஸ் வரவில்லை. அவன் தூண்டில் உள்ளே கிடக்கும்வரை அவளாலும் இறக்க முடியாது.

நாலாம் நாள் அவளே அவன் தூண்டிலை ஏற்ற ஆரம்பித்தாள். அடுத்தவன் தூண்டிலை ஏற்றினால் மீனைத் தனியாக அடுக்கவேண்டும், கயிற்றை அறுக்கக்கூடாது. கயிறு அறுத்தவனோடு ஊரில் யாரும் சேர்ந்து வண்டி ஓட்டமாட்டார்கள். மீனையெல்லாம் அவன் பக்கமாக வரிசையாக அடுக்கினாள். கடைசிப் பகுதி வரும்போது விஞ்சு நின்றுவிட்டது. கீழே சுறா.

அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாளா என்று பார்க்க, அந்த நேரம் பார்த்துத்தான் தோபியாஸ் வந்து சேர்ந்தான். தன் மீன் பனியில் கிடப்பதைப் பார்த்த கோபத்தில் வண்டியை அப்படியே விட்டான். பனியில் வளையம் வெட்டி நாய்களின் வாரை அதில் கட்டவில்லை. கிட்டே வந்து, கயிறு விறைத்து நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"கனமா இருக்கா அண்ணி? கத்தி இடுப்புலதானே இருக்கு. அறுத்து விடு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவன் அதற்காகத்தான் நின்றான். அவள் அறுத்தால் போதும், துளை விஷயத்தில் அவளுக்காக இனி யாரும் பேசமாட்டார்கள்.

பொலெத்தெ கயிற்றைத் தன் வண்டியில் கட்டி, நாய்களைப் பூட்டினாள். துளையைக் கடப்பாரையால் அகலப்படுத்தினாள். தையல் இழுத்தது, ஒரு தடவை குனிந்து அப்படியே நின்றாள். தோபியாஸ் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு, படகு நீளத்தில் சாம்பல்நிறச் சுறா சோம்பலாக மேலே வந்து கிடந்தது. அவள் அதைக் கொன்று, தூண்டிலை விடுவித்து, தன் நாய்களை விலக்கித் தூரமாகக் கட்டினாள்.

"என் தூண்டில்ல மாட்டுனது. சுறா என்னுது" என்றான் அவன். அவனுக்குச் சுறா வேண்டியதில்லை. அவளுக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது, அவ்வளவுதான்.

"எடுத்துக்கோ."

அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து தூண்டிலைப் பெட்டியில் சுருட்ட ஆரம்பித்தான். அவன் நாய்கள் கட்டில்லாத வண்டியை இழுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்து, சுறாவின் வயிற்றில் வாயை வைத்தன. இந்தக் கடல் சுறாவின் பச்சைக்கறி நாய்க்குச் சாராயம். நாய் விஷயத்தில் எதிரியாக இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லவேண்டும், ஊரில் எல்லாரும் சொல்வார்கள். பொலெத்தெ பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் தூண்டிலுக்கு இரை கோக்கப் போனாள்.

அவன் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. சாட்டையால் அடித்தான், உதைத்தான். கொஞ்ச நேரத்தில் முன்னோடி நாய்க்குக் காலெல்லாம் ஆளுக்கொரு பக்கம் போனது. ஒன்று விழுந்தது, இன்னொன்று அதன்மேல் விழுந்தது. எழுப்பி நிறுத்தினால் மறுபடி சரிந்தன. நாளை வரைக்கும் அவை வண்டி இழுக்காது. ஊர் நடக்கிற தூரத்தில் இல்லை. நாய்களை விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

"பாத்துக்கிட்டேதானே இருந்தே?" என்றான்.

"ஆமா."

அவன் துப்பினான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். செத்துப்போன அண்ணனையும் அதில் சேர்த்துக்கொண்டான். காற்று எழும்பியது. கடைசியில் குரலை இறக்கி, "உன் வண்டியில என்னையும் இதுகளையும் ஏத்திக்கோ. ரெண்டு நடையா அடிச்சிரலாம்" என்றான்.

"நான் மீன் புடிக்க வந்தவ. தூண்டில இறக்கி ஏத்திட்டுத்தான் கெளம்புவேன். உக்காரணும்னா உக்காரு."

அவனுக்குப் புரிந்தது. ஒருத்தர் துளையில் தூண்டில் இறக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்காதவன், ஊர் வழக்கப்படி பிறகு அந்தத் துளையைக் கேட்டு வர முடியாது. வாயைத் திறந்தால் வண்டி இல்லை.

பொலெத்தெ தகரத்தைத் துளையின் விளிம்பில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"ஏதாவது சொல்லணுமா தோபியாஸ்?"

கவிழ்ந்து கிடந்த நாய்களுக்கு நடுவில் அவன் உட்கார்ந்திருந்தான். தாடியில் பனி பிடித்திருந்தது.

"இல்ல" என்றான்.

அவள் தகரத்தைத் தண்ணீரில் விட்டாள்.