முக்கால் டிகிரி

தேவிகா வில்லாபுரத்துக்காரி. வீட்டில் சௌராஷ்டிர மொழி, வெளியே தமிழ். பசுமலையில் ஹரிராம் நடத்தும் காலிபரேஷன் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் குளிர்பதனக் கிடங்குகளிலிருந்தும் வரும் வெப்ப சென்சார்களை, கூடத்தின் மாஸ்டர் சென்சாரோடு சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் இறக்குவாள். எது எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்துத் திருத்த எண் எழுதிக் கொடுப்பாள். மாஸ்டர் சொல்வதுதான் அங்கே உண்மை.

பழங்காநத்தத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி, பச்சிளம் குழந்தைகளைச் சூடாக வைக்கும் வார்மர்களுக்குப் புது சென்சார் கேட்டது. கடுகளவு வித்தியாசத்தையும் சட்டென்று பிடிக்கும் என்று தெர்மிஸ்டர் வகையைத் தேர்ந்தெடுத்தவளும் தேவிகாதான். ஐந்தையும் சரிபார்த்து, வெள்ளிக்கிழமை அவளே போய்ப் பொருத்திவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, மாதாந்திரச் சோதனைக்காகப் பிளாஸ்கில் நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்பி மாஸ்டரை உள்ளே விட்டாள். சுழியம் காட்ட வேண்டும். 0.74 காட்டியது. பனிக்கட்டியை மாற்றினாள். அதே எண். மறுபடியும் மாற்றினாள். அதே எண்.

அப்போதுதான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. மாஸ்டர் மேஜையிலிருந்து உருண்டு தரையில் விழுந்திருந்தது. கீறல் இல்லை. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சரிபார்த்தவை அந்த ஐந்து சென்சார்கள்தான்.

மாஸ்டர் கூடுதலாகக் காட்டினால் அந்த ஐந்தும் கூடுதலாகத்தான் காட்டும். முப்பத்தாறரை என்று எண் ஒளிரும். குழந்தையின் உடம்பு முப்பத்தாறைக்கூடத் தொட்டிருக்காது. சூடு போதும் என்று நினைத்து வார்மர் சும்மா இருக்கும். நாலு நாள் ஆகிவிட்டது. குறைமாதக் குழந்தை குளிர்ந்தால் அழக்கூட அழாது.

"அண்ணே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் ஹரிராமிடம் சொன்னாள்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏம்மா அன்னைக்கே சொல்லல? சரி, அப்புறம் பேசிக்கிருவோம். முதல்ல போனைப் போடு."

ஆஸ்பத்திரியில் யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வார்டில் மூன்று வார்மர்களில் குழந்தைகள் இருந்தன. செவிலியர் செல்லத்தாய் ஓடி வந்தவளைப் பார்த்து மிரண்டார்.

"அக்கா, அந்த எண்ணை நம்பாதீக. அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க, சீக்கிரம்!"

முதல் இரண்டு குழந்தைகளுக்கு முப்பத்தாறு. மூன்றாவது, பிறந்து மூன்று நாளே ஆன, ஒன்றரைக் கிலோகூட இல்லாத பெண் குழந்தை. முப்பத்தைந்து புள்ளி ஏழு.

"காலு சில்லுன்னு இருக்குன்னு நேத்தே சொன்னேன். மெசின் சரியாத்தானே காட்டுதுன்னுட்டாங்க" என்றார் செல்லத்தாய்.

"மெசின் மேல தப்பில்லக்கா. நான்தான் தப்பாப் பாத்துக் குடுத்துட்டேன்."

டாக்டர் வந்தார். வார்மர்களைக் கையால் இயக்கும் முறைக்கு மாற்றினார்கள். மூன்றாவது குழந்தையை அதன் தாய் நாகஜோதியின் மார்போடு அணைத்துப் போர்த்தினார்கள். இடையில் ஒருமுறை குழந்தையின் மூச்சு நின்றது. செல்லத்தாய் பாதத்தைச் சுண்டினார். தேவிகா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு திரும்பியது.

"எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" நாகஜோதி எதிரே நின்ற தேவிகாவைத்தான் கேட்டாள். தேவிகா போர்வை நுனியை இழுத்துக் குழந்தையின் பாதத்தை மூடினாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் குழந்தையின் உடல் சூடு முப்பத்தாறரை தொட்டது.

அன்றே ஐந்து சென்சார்களையும் கழற்றினாள். நடந்ததைத் தன் பெயரிலேயே எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வேறு கூடத்துக்குப் போய்விட்டது. ஹரிராம் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு சென்சாரையும் தொடும்போது அவளுக்கு விரல் சில்லிடத் தொடங்கியது.

பத்தொன்பதாம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று செல்லத்தாய் போன் செய்தார். தேவிகா போனாள். வாசலில் நாகஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் அன்னைக்கு வரலேன்னா எம்புள்ள இல்லக்கா."

தேவிகா உண்மையைச் சொன்னாள். தரையில் விழுந்ததையும், சொல்லாமல் விட்டதையும்.

நாகஜோதியின் கை மெல்ல நழுவியது. குழந்தையின் தலையைத் துணியால் மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.